ஒரே தோலில் வெட்டிய இரண்டு பாட்டு

பாட்டைப் பற்றி எழுத எனக்கு எந்த யோக்கியதையும் இல்லை. சுதி என்றால் என்ன என்று யாராவது கேட்டால் விழிப்பேன். படிப்பு பத்தாவது. சர்ச்சில்கூட வாயை அசைப்பேனே தவிர, குரல் வெளியே வராது. ஷூ கம்பெனியில் தோல் துண்டு பார்க்கிறவள் வாராவாரம் இந்தப் பத்திரிகையில் இடத்தை அடைத்துக்கொண்டிருப்பதே எனக்குக் கூச்சம். இந்த வாரம் அதற்கும் மேலே போய்ப் பாட்டைத் தொடுகிறேன். சங்கீதம் தெரிந்தவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

ஒரு வாசகி கேட்டிருந்தார்: ஆம்பூரில் உட்கார்ந்துகொண்டு உங்களுக்கு இங்கிலீஷ் பாட்டெல்லாம் எப்படித் தெரியும் என்று. அதற்குப் பதில் சொல்லப் போனால் ஒரு ஞாயிற்றுக்கிழமையைச் சொல்ல வேண்டும். இத்தனை வாரமாக அந்த நாளைச் சுற்றிக்கொண்டு போனேன். இந்த வாரம் அதிலேயே ஆரம்பிக்கிறேன்.

தகரக் கதவு

ஆம்பூருக்கு வெளியே, பாலாற்றை ஒட்டிப் போகிற சாலையில் ஒரு டேனரி. தோல் பதனிடும் இடம். லீவு நாள் என்பதால் லாரி இல்லை, ஆள் நடமாட்டம் இல்லை. பூட்டிய தகரக் கதவுக்கு வெளியே நானும் டெய்சியும் நின்றிருந்தோம்.

டெய்சி எங்கள் தெரு. என் கம்பெனியிலேயே தையல் மிஷினில் இருக்கிறவள். சர்ச்சுக்குக் கட்டிய புடவையைக்கூட மாற்றாமல் ஓடி வந்திருந்தாள். நான் வெங்காயம் அரிந்த கையோடு வந்திருந்தேன். அந்த இடத்து நாற்றத்துக்கு நடுவே என் கையின் வெங்காய வாசனை தனியாகத் தெரிந்தது.

டேனரியின் கழிவுத் தண்ணீர்த் தொட்டியைச் சுத்தம் செய்ய அன்றைக்கு இரண்டு பேரை மட்டும் வரச் சொல்லியிருந்தார்கள். ஒருவன் என் தம்பி சேகர். இன்னொருவன் டெய்சியின் புருஷன் ஜெயராஜ்.

கதவில் ஒரு கை நுழைகிற அளவுக்கு ஓட்டை. அதில் வாட்ச்மேனின் ஒரு கண்ணும் பாதி வாயும் தெரிந்தன. வேலைக்கு வந்து சில நாள்தான் ஆன வடக்கத்தி ஆள். எங்கள் ஊரில் உருது காதில் விழாமல் யாரும் வளர முடியாது. அவன் பேசியது எங்களுக்குப் புரிந்தது.

"ஏக் ஆத்மி அந்தர். ஏக் ஹாஸ்பிடல்."

ஒருத்தன் உள்ளே, தொட்டியில். ஒருத்தனை ஆட்டோவில் தூக்கிப் போட்டு ஆஸ்பத்திரிக்கு அனுப்பியாகிவிட்டது.

"உள்ள இருக்கிறது யாரு? பேர் இன்னா?" என்று டெய்சி ஓட்டையில் வாயை வைத்துக் கேட்டாள்.

"நாம் நஹி மாலூம், அம்மா."

பேர் தெரியாது. ஆள் எப்படி இருந்தான் என்று கேட்டோம். கருப்பு என்றான். மீசை என்றான். நீலச் சட்டை என்றான். இரண்டு பேருமே கருப்பு. இரண்டு பேருக்குமே மீசை. காண்ட்ராக்டர் இரண்டு பேருக்கும் ஒரே துணியில் நீலச் சட்டை தைத்துக் கொடுத்திருந்தார்.

கதவைத் திறக்கச் சொன்னோம். உள்ளே போலீஸ் இருக்கிறது, யாரையும் விடக் கூடாது என்று உத்தரவு என்றான். வேலை போய்விடும் என்று கையைக் கூப்பினான். அதற்கு மேல் அவனிடம் என்ன பேசுவது.

தீயணைப்பு வண்டிக்காரர்கள் தொட்டித் தண்ணீரை இறைத்துக்கொண்டிருந்தார்கள். மோட்டார் சத்தத்தில் தகரக் கதவு அதிர்ந்தது. வரும் வழியெல்லாம் இரண்டு பேர் நம்பருக்கும் போட்டுக்கொண்டே வந்தோம். ரிங் போனது, யாரும் எடுக்கவில்லை. இங்கே நின்று போட்டாலும் மோட்டார் சத்தத்தில் உள்ளே எது அடிக்கிறது என்று தெரியவில்லை.

டெய்சி என் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"விமலாக்கா, ரெண்டு பேர்ல ஒருத்தர்ங்கறான். நான் இப்ப இன்னான்னு வேண்டிக்கிறது?"

நானும் அதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தேன். அவள் ஒன்று கேட்டால் உள்ளே இருப்பது என் தம்பி. நான் ஒன்று கேட்டால் அவள் புருஷன்.

இங்கே நிறுத்திவிட்டுப் பாட்டுக்கு வருகிறேன். அதைச் சொல்லாவிட்டால் அந்தக் கதவுக்கு முன்னால் அடுத்து நடந்தது யாருக்கும் புரியாது.

ஜோடி மேசை

நான் வேலை பார்ப்பது ஜோடி மேசையில். தைப்பதற்கு முன்னால் இடது கால் துண்டையும் வலது கால் துண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிற வேலை. இரண்டும் ஒரே தோலில், அக்கம் பக்கத்து இடத்தில் வெட்டியிருக்க வேண்டும். முதுகுத் தோலில் ஒன்றும் வயிற்றுத் தோலில் ஒன்றும் வெட்டிவிட்டால், அன்றைக்கு ஒன்று போலத்தான் தெரியும். போட்டு நடந்தால் நாலு மாதத்தில் ஒன்று சுருங்கும், ஒன்று தொய்யும்.

எங்கள் மேசையில் இரண்டே வார்த்தைதான். சேர்ந்தால் ஜோடி. சேராவிட்டால் ஒத்தை. ஒத்தை தனிக் கூடைக்குப் போகும்.

புதிதாக வருகிறவர்கள் செய்கிற தப்பு ஒன்று உண்டு. ஒன்று போலவே இருப்பதைத் தேடுவார்கள். அப்படித் தேடினால் இரண்டு இடது கால்தான் கையில் வரும். இடது இடதாக இருக்க வேண்டும், வலது வலதாக இருக்க வேண்டும், ஆனாலும் ஒரு மாட்டின் முதுகு என்று தெரிய வேண்டும். கொஞ்ச நாள் போனால் கண் தானாகப் பார்க்கும். எனக்குக் கண்ணோடு காதும் அப்படிப் பழகிவிட்டது.

பையர் வருகிற நாள்

கம்பெனியில் ஸ்பீக்கர் உண்டு. காலையில் சாமிப் பாட்டு, பிறகு தமிழ் சினிமாப் பாட்டு, சாயங்காலம் இந்தி. மிஷின் சத்தத்துக்கு மேலே ஓட வேண்டும் என்பதால் அலறும்.

ஷூ வாங்குகிற வெளிநாட்டு பையர் வருகிற நாளில் மட்டும் வேறு. அன்றைக்குத் தரை கழுவி, எல்லோருக்கும் தலைக்குத் துணித் தொப்பி கொடுத்து, ஸ்பீக்கரில் இங்கிலீஷ் பாட்டுப் போடுவார்கள். வந்தவர் மனம் குளிர வேண்டுமாம். கிடாரும் டிரம்ஸும் அடிக்கிற பழைய ராக் பாட்டுகள். சூப்பர்வைசருக்கும் அதில் ஒரு வார்த்தை புரியாது. யாரோ பென் டிரைவில் ஏற்றிக் கொடுத்தது.

அப்படி ஒரு நாள், வந்த வெள்ளைக்காரர் என் மேசைக்கு முன்னால் நின்று ஷூ நுனியால் தாளம் போட்டார். நானும் மேசைக்கு அடியில் காலால் தாளம் போட்டேன். ஏனென்றால் அது எனக்குத் தெரிந்த பாட்டு. நான் பள்ளிக்கூடம் போகும்போது டீக்கடை ரேடியோவில் கேட்ட தமிழ்ப் பாட்டு. வார்த்தைதான் வேறு.

அவர் நகர்ந்ததும் டெய்சியின் மிஷின் பக்கம் போய் அவள் காதில் சொன்னேன். "டெய்சி, இது நம்ம பாட்டோட ஜோடி."

அவள் தலைதூக்கிக் கேட்டாள். அரை நிமிஷம் கழித்துச் சிரித்தாள். "ஆமாக்கா. வெள்ளைக்காரன் கால், நம்ம கால்."

அன்றிலிருந்து அது எங்கள் விளையாட்டாகிவிட்டது. ஸ்பீக்கரில் ஒரு பாட்டு வரும். நான் தலையைத் தூக்குவேன். டீ நேரத்தில் அதன் ஜோடியைச் சொல்ல வேண்டும். சொல்ல முடியாவிட்டால் ஒத்தை. ஒத்தையை வீட்டுக்கு எடுத்துப் போவேன். வீட்டில் சேகர் இருப்பான்.

செருப்புக் கணக்கு

சேகர் என்னைவிடப் பத்து வயது சின்னவன். அம்மாவும் அப்பாவும் போன பிறகு நாங்கள் இரண்டு பேர்தான் ஒரு வீட்டில். நான் வாய்க்குள் முனகிக் காட்டுவேன். அவன் போனில் தேடுவான். அவனுக்கும் இங்கிலீஷ் அரைகுறைதான். ஆனால் தேடிப் பிடிக்கிற வரை சாப்பிட வர மாட்டான்.

அவன் தேடினால் ஜோடியோடு நிற்காது. நூலைப் பிடித்து இழுப்பது போல வந்துகொண்டே இருக்கும். தோல் ஏற்றி வருகிற மினி லாரி பின்பக்கம் வரும்போது ஒரு பீப் பாட்டு வருமே, அது ஒரு இந்திப் பாட்டு. அந்த இந்திப் பாட்டு ஒரு இங்கிலீஷ் டான்ஸ் பாட்டு. அந்த டான்ஸ் பாட்டு ஏதோ ஒரு தீவில், கடலில் போன ஆள் திரும்பி வராதபோது பெண்கள் உட்கார்ந்து பாடினது என்று எதிலோ படித்துச் சொன்னான். உண்மையோ பொய்யோ. அதற்கப்புறம் லாரி பின்னால் வரும்போதெல்லாம் எனக்கு என்னவோ போல இருக்கும்.

எங்கள் சர்ச் வாலிபர் குழுவில் கிறிஸ்துமஸுக்குப் பாடுகிற பாட்டு ஒன்றும் அப்படித்தான். அதன் இரண்டாம் அடி ஒரு கிளப் டான்ஸ் பாட்டில் இருக்கிறது. டெய்சி அதைப் பாட்டு வாத்தியாரிடம் போய்ச் சொல்லிவிட்டாள். அவர் அதற்குப் பிறகு எங்கள் இரண்டு பேரையும் பார்த்தால் தலையைத் திருப்பிக்கொள்வார்.

ஜெயராஜ் சாயங்காலம் எங்கள் வீட்டு வாசலுக்கு வருவான். சேகரும் அவனும் ஒரே டேனரியில் வேலை. தோஸ்த் என்றுதான் ஒருத்தரை ஒருத்தர் கூப்பிட்டுக்கொள்வார்கள். ஜெயராஜுக்கு எங்கள் விளையாட்டில் மரியாதை கிடையாது.

"அக்கா, ஜோடியும் இல்ல கீடியும் இல்ல. இது திருட்டு. வெள்ளைக்காரன் போட்டதை இவன் அடிச்சிட்டான்."

சேகர் போனிலிருந்து தலையைத் தூக்காமல் கேட்டான். "உன் கால்ல இருக்கிற செருப்புல எது எதைக் காப்பி அடிச்சுது?"

"டேய், என் செருப்பே ரெண்டும் வேற வேற ஜோடிடா. உன் அக்காவுக்குத் தெரியாதுன்னு போட்டுக்கினு வந்தேன்."

எனக்கு அவன் வாசலில் காலை வைத்தபோதே தெரியும். சொல்லவில்லை.

மூச்சும் டிரம்மும்

பையர் வந்த அன்றைக்குக் கேட்ட அந்த முதல் ஜோடிதான் எங்களுக்கு எல்லாவற்றையும்விடப் பிடித்தது.

இரண்டு பாட்டுக்கும் ஆரம்பம் கிடார். படி ஏறுவது போல ஏறி, மேலே போய்க் கொஞ்சம் தயங்கி, சட்டென்று இறங்கும். அது இரண்டு முறை. அதுவரை இரண்டும் ஒன்றுதான். எந்தக் காதாலும் பிரிக்க முடியாது.

அதற்கப்புறம்தான் வித்தியாசம். இங்கிலீஷ் பாட்டில், பாட ஆரம்பிக்கும் முன்னால் அந்த ஆள் மூச்சு இழுப்பது கேட்கும். எடுத்துப் போட மறந்துவிட்டார்களோ, வேண்டும் என்றே விட்டார்களோ. ஒரு சின்ன மூச்சு. தமிழில் அந்த மூச்சு இல்லை. அந்த இடத்தில் ஒரு டிரம் அடி வைத்திருக்கிறார்கள். தும் என்று ஒன்று. பிறகு பாட்டு.

நான் இதைச் சொன்னபோது சேகர் இரண்டையும் மாற்றி மாற்றிப் போட்டுக் கேட்டான். "இதுலதான்கா ஆளு இருக்கான். அதுல டிரம்தான் இருக்குது," என்று சொல்லிவிட்டு, இங்கிலீஷ் பாட்டைத் தன் போனுக்கு ரிங்டோனாக வைத்துக்கொண்டான்.

"அப்ப எனக்கு டிரம் வைடா தோஸ்த்," என்றான் ஜெயராஜ். "மூச்சு வாங்கறதுக்கு எனக்கு வீட்ல பொண்டாட்டி இருக்கிறா."

எங்கள் அடுப்படியில் இருந்த டெய்சி கரண்டியோடு வந்தாள். "நான் இன்னா, துருத்தியா ஊதறேன்?"

அப்படித்தான் இரண்டு போனுக்கும் ஜோடி சேர்ந்தது. ஒன்று அடித்தால் இரண்டு பேரும் பாக்கெட்டில் கையை விடுவார்கள். சிக்னலில், டீக்கடையில், சர்ச்சில்கூட. டெய்சிக்குக் கடைசி வரை எது யாருடையது என்று பிடிபடவில்லை. கிடார் கேட்டதும் "என்னங்க, போன்" என்று குரல் கொடுப்பாள். பாதி நேரம் அது சேகரின் போனாக இருக்கும்.

எனக்கு மட்டும் தெரியும். கிடார் இரண்டாம் முறை இறங்குகிற வரை காத்திருப்பேன். பிறகு, "டெய்சி, உன்னோடது" என்பேன். இல்லாவிட்டால், "சேகர், உனக்குடா."

பேண்டு செட்

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் பக்கம் சாவுக்கு பேண்டு செட் வைப்பது வழக்கம். கல்லறைக்குப் போகிற வரை வாசித்துக்கொண்டு வருவார்கள். அவர்களே கல்யாணத்துக்கும் வருகிறவர்கள். பாட்டும் பெரும்பாலும் அதேதான். கல்யாணத்தில் ஓட்டமாக வாசிப்பதைச் சாவில் இழுத்து வாசிப்பார்கள்.

தெருக்கோடிப் பெரியவர் ஒருவர் போனபோது, கிளாரினெட்டில் ஒரு பாட்டு உருக்கமாக வந்தது. ஜனம் அழுதது. எனக்கு மெதுவாக உறைத்தது, அது குடிகாரன் ஆடிக்கொண்டே பாடுகிற சினிமாப் பாட்டு. சேகரைப் பார்த்தேன். அவன் ஏற்கெனவே துண்டை வாயில் அடைத்துக்கொண்டு நின்றான். அழுகிறான் என்று நினைத்து யாரோ அவன் முதுகைத் தடவிக் கொடுத்தார்கள்.

வீட்டுக்கு வந்து இரண்டு பேரும் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம். "நான் செத்தா முதல்லயே சொல்லிடு அக்கா, இன்னா பாட்டுன்னு. தப்பான ஜோடியை வாசிச்சிடப் போறானுங்க," என்றான்.

"வாயைக் கழுவுடா," என்றேன்.

மோட்டார் நின்றது

தகரக் கதவுக்கு வருகிறேன்.

எவ்வளவு நேரம் நின்றோம் என்று தெரியாது. வெயில் கதவிலிருந்து இறங்கி எங்கள் காலுக்கு வந்திருந்தது. சட்டென்று மோட்டார் நின்றது. அவ்வளவு நேரம் சத்தத்தில் இருந்துவிட்டு, காது அடைத்துக்கொண்டது போல இருந்தது. உள்ளே யாரோ கயிறு கேட்டுக் கத்தினார்கள்.

வாட்ச்மேனின் கண் மறுபடியும் ஓட்டையில் வந்தது. தொட்டிக்குள் போனவன் இறங்கும் முன்னால் சட்டையைக் கழற்றி மடித்து வைத்துவிட்டுப் போனானாம். அந்தச் சட்டையைக் கொண்டுவந்து கதவுக்குப் பக்கத்தில் ஸ்டூல் மேல் வைத்திருக்கிறார்களாம். பாக்கெட்டில் போன் இருக்கிறதாம்.

"ஃபோன் பஹுத் பார் பஜா," என்றான். ரொம்ப முறை அடித்தது.

"ஸ்கிரீன்ல இன்னா பேர் வந்துச்சு? பேரைப் படி."

தமிழில் இருக்கிறது, தனக்குப் படிக்கத் தெரியாது என்றான். எடுத்துக் காட்டு என்று கெஞ்சினோம். போலீஸ் தொடக் கூடாது என்று சொல்லியிருக்கிறது என்றான். சொல்லிவிட்டு உள்பக்கம் திரும்பிப் பார்த்துக்கொண்டான்.

டெய்சி தன் போனை எடுத்து ஜெயராஜ் நம்பரை அழுத்தினாள். நான் என் போனில் சேகர் நம்பரை அழுத்தினேன். ஒருவரை ஒருவர் பார்க்காமல்தான் இரண்டு பேரும் அழுத்தினோம்.

கதவுக்கு அந்தப் பக்கம், கைக்கு எட்டுகிற தூரத்தில், கிடார் கேட்டது.

டெய்சி அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டாள். "இவருதான். இவரு பாட்டுதான். ஐயோ, இவரு போன்தான் அக்கா."

தலையில் அடித்துக்கொண்டாள். அவள் வளையல் உடைந்தது.

நான் நின்றுகொண்டிருந்தேன். கிடார் ஒரு முறை ஏறி, தயங்கி, இறங்கியது. இரண்டாம் முறை ஏற ஆரம்பித்தது. என் காது டிரம் அடிக்காகக் காத்திருந்தது. இதை மறைத்து எழுத முடியவில்லை. டெய்சி இதைப் படிப்பாள். அவளும் எதற்காகக் காத்திருந்திருப்பாள் என்று எனக்குத் தெரியும். எங்களுக்குள் அதில் வருத்தம் இல்லை.

கிடார் இறங்கியது.

மூச்சு.

அந்த ஆள் மூச்சு இழுத்தான். பிறகு பாட ஆரம்பித்தான்.

நான் குனிந்து டெய்சியின் தோளைத் தொட்டேன். "டெய்சி, எழுந்திரு. இது உங்க வீட்டுக்காரர் போன் இல்ல."

"எனக்குத் தெரியாதாக்கா? என் புருஷன் பாட்டு எனக்குத் தெரியாதா?"

"இது ஜோடிம்மா. இது அது இல்ல."

அவள் கேட்கவில்லை. மண்ணை அள்ளிக்கொண்டிருந்தாள். அதனால் என் போனை அவள் முகத்துக்கு முன்னால் நீட்டினேன். கட் பண்ணினேன். கதவுக்கு அந்தப் பக்கம் பாட்டு நின்றது.

மறுபடியும் சேகர் நம்பரை அழுத்தினேன். மறுபடியும் கிடார் கேட்டது.

டெய்சி என் போனைப் பார்த்தாள். அதில் 'சேகர்' என்று இருந்தது. பிறகு என் முகத்தைப் பார்த்தாள். அவள் முகத்தில் வந்த ஒன்றை அவளால் மறைக்க முடியவில்லை. மறைக்கத்தான் பார்த்தாள். முந்தானையை எடுத்து மூடிக்கொண்டாள்.

அவள் கையிலிருந்த போன் இன்னும் ரிங் போய்க்கொண்டே இருந்தது. அப்போதுதான் அதை யாரோ எடுத்தார்கள். ஆட்டோ டிரைவர். வண்டிச் சத்தத்துக்கு நடுவே கத்திப் பேசினார். அவர் குரல் எனக்கும் கேட்டது.

"யாரும்மா, வீட்டுக்காரம்மாவா? பாக்கெட்ல அடிச்சிக்கினே இருந்துச்சு, வண்டி சத்தத்துல கேக்கல. ஆளுக்கு மூச்சு இருக்குது. ஆம்பூர்ல பாத்துட்டு ஜாஸ்தியா இருக்குது, வேலூர் போங்கன்னுட்டாங்க. போய்க்கினு இருக்கோம். நீ நேரா வேலூர் வந்துடு."

டெய்சி போனைக் காதிலிருந்து எடுக்கவே இல்லை. நான்தான் சொன்னேன்.

"போ."

"உன்னை இப்படி விட்டுட்டு எப்பிடிக்கா போறது?"

"போ டெய்சி. அவனுக்கு மூச்சு இருக்குதுன்னு சொல்றாங்க இல்ல. போ."

ரோடு வரை திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு போனாள். ஷேர் ஆட்டோ ஒன்றை நிறுத்தி ஏறினாள். நான் கதவு ஓட்டையில் கையை விட்டு, வாட்ச்மேனிடம் சொன்னேன்: "மேரா பாய் ஹை." என் தம்பி.

அவன் என் கையைப் பிடித்துக்கொண்டான். போலீஸ் வந்து கதவைத் திறக்கிற வரை விடவில்லை.

மடித்த சட்டை

ஸ்டூல் மேல் நீலச் சட்டை இருந்தது. கையை உள்ளே மடக்கி, காலர் மேலே தெரிய, கடையில் மடிப்பது போல மடித்திருந்தான். எங்கள் வீட்டில் துணி மடிப்பது அவன் வேலை.

போன் ஸ்கிரீனில் 'அக்கா' என்று இருந்தது. எத்தனையோ முறை. வாட்ச்மேனுக்குப் படிக்கத் தெரியாமல் போன எழுத்து அதுதான்.

நடந்ததை ஜெயராஜ் பல நாள் கழித்துச் சொன்னான். ஒரே மூச்சில் சொல்ல அவனால் முடியவில்லை. தொட்டியில் அடைத்திருந்ததைக் குத்திவிட சேகர் இறங்கினான். மூன்றாவது படியில் நின்று மேலே பார்த்து ஏதோ சொல்ல வாயைத் திறந்தான். சொல்லவில்லை. விழுந்துவிட்டான். ஜெயராஜ் சட்டையைக்கூடக் கழற்றாமல் பின்னால் இறங்கினான். பாதி ஏணியிலேயே விஷக் காற்றில் அவனுக்கும் கண் இருட்டியது. வாட்ச்மேன்தான் காலரைப் பிடித்து மேலே இழுத்துப் போட்டிருக்கிறான். சட்டையைக் கழற்றியிருந்தால் பிடிக்கக் காலர் இருந்திருக்காது.

"இன்னா சொல்ல வந்தான்னு தெரியலக்கா," என்றான் ஜெயராஜ். அதையே திரும்பத் திரும்பச் சொன்னான்.

இப்போது அவன் வீட்டில்தான் இருக்கிறான். வேலைக்குப் போக நுரையீரல் இடம் கொடுக்கவில்லை. போனை வைப்ரேஷனில் வைத்திருக்கிறான். டெய்சி மிஷினில் இருக்கிறாள், நான் ஜோடி மேசையில் இருக்கிறேன். ஸ்பீக்கர் அலறிக்கொண்டுதான் இருக்கிறது. ஜோடிகள் வருகின்றன. என் காதுக்குத் தெரியத்தான் செய்கிறது. தலையைத் தூக்குவதில்லை. டெய்சியும் திரும்பிப் பார்ப்பதில்லை. டீ நேரத்தில் ஒரு டம்ளர் டீயை இரண்டாக ஊற்றிக்கொள்கிறோம்.

பையர் வருகிற நாளில் மட்டும் நான் லீவு போட்டுவிடுகிறேன். காரணம் கேட்ட சூப்பர்வைசரிடம் வயிற்றுவலி என்றேன். அவருக்கும் தெரிந்திருக்கும். அதற்கப்புறம் கேட்கவில்லை.

மறுநாள்

மறுநாள் திங்கட்கிழமை மத்தியானத்துக்கு மேல் ஆஸ்பத்திரியிலிருந்து சேகரைக் கொண்டுவந்தார்கள். ஜெயராஜ் கண் திறந்துவிட்டான் என்று வேலூரிலிருந்து டெய்சி போன் பண்ணினாள். தெருக்காரர்கள் பேண்டு செட் சொல்லியிருந்தார்கள். கிளாரினெட்காரர் என்னிடம் வந்து, "இன்னா பாட்டும்மா வாசிக்கட்டும்?" என்று கேட்டார். பாட்டு வேண்டாம் என்றேன். அவர் கிளாரினெட்டைப் பையில் போட்டுக்கொண்டார். கல்லறை வரை டிரம் மட்டும் அடித்துக்கொண்டு வந்தார்கள்.